சமையலறை டைல்ஸும் நாற்பதாயிரம் ரூபாயும்



நாங்கள் போன வருடம் காலி செய்த வாடகை வீட்டில், சமையலறைச் சுவரில் இருந்த டைல்ஸ் முழுவதையும் வீட்டுக்காரர் உடைத்து எடுத்துவிட்டார். அந்தச் செலவு என்று சொல்லி எங்கள் அட்வான்ஸில் 40,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அந்த டைல்ஸை உடைக்கப் போனவர் என் சொந்தப் பெரியப்பா.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏரியா பெயர், மாதம், தெரு எதுவும் சொல்லப்போவதில்லை. சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு புறநகர் என்பது போதும்.

வீடு பார்க்கும்போது கேட்கிற கேள்விகள் உங்களுக்குப் புதிதல்ல. "நீங்க வெஜ்ஜா நான்வெஜ்ஜா?", "சொந்த ஊர் எது?", "ஊர்ல எந்தப் பக்கம்?" எங்களிடமும் கேட்டார்கள். நானும் என் கணவரும் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொன்னோம், ஊர் பெயரைச் சொன்னோம், அத்தோடு நின்றது. பத்து மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. வீட்டுக்காரம்மா பொங்கலுக்கு எங்கள் மகளுக்குக் கரும்புகூடக் கொடுத்தனுப்பினார். ஏப்ரல் 14 அன்று வீட்டில் பாபாசாகேப் படத்துக்கு மாலை போட்டு, நண்பர்கள் பத்துப் பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். பீஃப் பிரியாணிதான், மறைக்க என்ன இருக்கிறது. மே மாதம் முதல் வாரத்தில், "பையன் வெளியூர்லேர்ந்து வர்றான், வீடு வேணும்" என்றார்கள். காலி செய்தோம். பையன் வரவில்லை. டூ-லெட் போர்டுதான் வந்தது.

அட்வான்ஸ் ஒரு லட்சம் கொடுத்திருந்தோம். திருப்பித் தந்தது அறுபதாயிரம். "கிச்சன் டைல்ஸ்ல வாடை ஏறிடுச்சு. மொத்தமா மாத்தணும். அடுத்து வர்றவங்க கேப்பாங்க இல்ல?" என்றார் வீட்டுக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. மின்கட்டணத்தில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

டைல்ஸில் வாடை ஏறுமா? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். நமக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது, கருவாடு வறுத்தோமே, ஒருவேளை இருக்குமோ என்று.

சுவர் டைல்ஸ் என்பது களிமண்ணைச் சுட்டுச் செய்வது. அதன் முகப்பில் பளபளவென்று இருக்கிறதே, அது கண்ணாடி. கண்ணாடியாகும் பொருளைப் பூசி 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் சுடும்போது அது உருகி மேலே ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படலத்துக்குள் தண்ணீரும் எண்ணெயும் போகாது, மீன் குழம்பின் மணமும் போகாது. சமையலறையிலும் குளியலறையிலும் டைல்ஸ் ஒட்டுவதே துடைத்தால் போய்விடும் என்பதற்காகத்தான். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், கறுக்கும், அது உண்மை. சோடா உப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் அந்த ஜாயிண்டை மட்டும் சுரண்டிவிட்டுப் புதுசாக அடைக்கலாம். ஒரு ஆள், ஒரு நாள் வேலை.

டைல்ஸை எடுக்க வேண்டிய நியாயமான காரணங்கள் வேறு இருக்கின்றன. தட்டிப் பார்த்தால் பொக்கு பொக்கென்று சத்தம் வரும், அதாவது பின்னால் கலவை பிடிப்பு விட்டிருக்கும். சுவருக்குள் போகிற பைப் கசிந்து உப்புப் பூத்திருக்கும். விரிசல் விட்டிருக்கும். எங்கள் சமையலறையில் இது எதுவும் இல்லை. நாங்கள் குடிபோவதற்கு மூன்று வருடம் முன்புதான் ஒட்டியது. உடைக்கும்போது எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதைப் பெரியப்பா சொன்னார். சொல்லும்போது அவருக்கு இருமல் நடுநடுவே வந்தது.

அவர் அங்கே போனது தற்செயல். பெரியப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊரிலிருந்து இருபத்தைந்து வருடம் முன்பு தாம்பரம் வந்தவர். காலையில் ஆள் நிற்கிற இடத்தில் போய் நிற்பார். தெரிந்த மேஸ்திரி ஒருவர் கூப்பிட்டால் அவரோடு போவார். அவருடைய வேலை இடிப்பது. டைல்ஸ் ஒட்டுகிறவர் வேறு, அவருக்குச் சதுர அடிக் கணக்கு. உடைக்கிறவருக்கு நாள் கூலி. மேஸ்திரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கிய பிறகுதான் அது எங்கள் பழைய வீடு என்று அவருக்குத் தெரிந்தது. எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு முறை வந்து அந்த ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அழுக்கு லுங்கியும் தலையில் துண்டுமாக வருகிற கூலியாளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "சார், டைல்ஸ் நல்லா இருக்கு, எங்கயும் பொக்கு இல்ல. டிசைன் மாத்தணும்னா இது மேலயே கம் போட்டுப் புதுசு ஒட்டிரலாம். தூசி இல்ல, செலவு பாதி." இது இப்போது பரவலாகச் செய்வதுதான். பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால் அதன் முகத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிவிட்டு, அதற்கென்று வரும் பசையைப் பூசி மேலே புதிய டைல்ஸை ஒட்டலாம். சுவர் கொஞ்சம் தடிமனாகும். சுவிட்ச் பெட்டியையும் குழாயையும் சற்று வெளியே இழுக்க வேண்டும். வேறு பெரிய தொந்தரவு இல்லை.

வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். "மேல ஒட்ட வேணாம்ப்பா. அப்ப அது உள்ளயே இருக்கும்ல. மொத்தமா எடுத்துடு."

அது உள்ளேயே இருக்கும். பெரியப்பா இந்த வார்த்தையை எனக்குச் சொன்னது ஒரு சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது. "இன்னாம்மா உள்ள இருக்கும்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்" என்றார். அவருக்குத் தெரியாமல் இல்லை. என் வாயிலிருந்து வரட்டும் என்று பார்த்தார்.

வாடைதான் பிரச்சினை என்றால் மேலே ஒரு கண்ணாடிப் படலமும் பசையும் போட்டு மூடிய பிறகு எந்த வாடையும் வெளியே வரப்போவதில்லை. செலவுதான் பிரச்சினை என்றால் மேலே ஒட்டுவது பாதி விலை. வாடையும் காரணமில்லை, காசும் காரணமில்லை என்றால் மிச்சம் இருப்பதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது.

சமூகவியல் வகுப்பில் தீட்டு பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் எனக்கு வெறும் தகவலாகத்தான் தெரிந்தது. தீட்டுப் பட்ட பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கி வைத்துக்கொள்ளலாம். மண் பாத்திரம் என்றால் உடைத்துப் போட்டுவிட வேண்டும். உலோகத்தின் மேல் மட்டும் ஒட்டுகிற தீட்டு, மண்ணில் உள்ளே இறங்கிவிடும் என்பது கணக்கு. எவ்வளவு சுட்டாலும் மண் மண்தான். டீக்கடைகளில் கண்ணாடி கிளாஸும் தனி கிளாஸும் இருந்த காலம் போய், பல இடங்களில் எல்லோருக்கும் பேப்பர் கப் வந்தபோது நாம் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டோம். குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப் தீட்டுக்கும் வசதியானது என்பதை யோசிக்கவில்லை. எங்கள் சமையலறை டைல்ஸும் அப்படித்தான் ஒரு மண் சட்டியாகிவிட்டது. 40,000 ரூபாய் மதிப்புள்ள மண் சட்டி. அதற்கும் காசு நாம்தான் கட்ட வேண்டும்.

சுவர் என்றவுடன் நம் கூட்டங்களில் வருகிற பெயர்கள் தெரியும். 1989இல் கட்டி 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் விழுந்து நம் மக்கள் 17 பேரைக் கொன்ற சுவர். அவை தெருவில் நின்ற சுவர்கள், படம் எடுக்க முடிந்த சுவர்கள். நகரத்து வாடகை வீட்டின் உள்சுவரைப் படம் எடுத்து யாரிடம் காட்டுவது? அதில் இருப்பது வெறும் கொத்திய தடம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓரிடத்தில் வீடு வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பு, சமூகப் புறக்கணிப்பு என்பவற்றை விளக்கி வரையறுத்துக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "சாதிப் பேரைச் சொன்னாரா?" என்பதுதான். சொல்லவில்லை. இன்று நகரத்தில் யாரும் சொல்வதில்லை. வாடை என்பார்கள், வெஜ் ஒன்லி என்பார்கள், பையன் வருகிறான் என்பார்கள். சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு தேடுகிறவர்களாக ஆட்களைப் போனிலும் நேரிலும் அனுப்பிச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவு எப்படி மூடுகிறது என்பதை அது காட்டியது. முஸ்லிம்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஆராய்ச்சி மாணவர்கள் தேடிப் படியுங்கள். அது வீடு கிடைப்பதற்கு முன்னால் நடப்பதைப் பற்றியது. காலி செய்த பிறகு சுவருக்கு என்ன நடக்கிறது என்று யாராவது தமிழ்நாட்டில் ஒரு எம்.ஏ. ஆய்வேடு எழுத மாட்டார்களா என்று எனக்கு ஆசை.

பணத்தைப் பொறுத்தவரை வழி கொஞ்சம் நேரானது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். காலி செய்யும்போது வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற டைல்ஸை வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு மாற்றுவது என் பாக்கி ஆகாது. நாங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். குடிபோகும் நாளன்றே சமையலறை, குளியலறைச் சுவர்களை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளிலும் அதையே செய்யுங்கள். நான் முதலாவதைச் செய்யவில்லை, இரண்டாவதைச் செய்தேன்.

இதுவரை எழுதியதைப் படித்தால் இது என் காசையும் என் மானத்தையும் பற்றிய கட்டுரை போலத் தெரியும். சாவு வீட்டில் அன்று நானும் அப்படித்தான் இருந்தேன். பெரியப்பா சொல்லச் சொல்ல என் மூளையில் ஓடியதெல்லாம் 40,000, சாட்சி, மனு. அவர் இருமிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, ஆனால் மனதில் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், "நீங்க எவ்ளோ நாள் உடச்சீங்க, எப்படி உடச்சீங்க?" என்று போன் போட்டுக் கேட்டேன்.

இரண்டு நாள். மூன்று பக்கச் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். ஓரத்தில் ஒரு டைல்ஸை உளியும் சுத்தியலும் வைத்து முதலில் உடைத்து வாய் எடுக்க வேண்டும். வாய் கிடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் உளியைக் கொடுத்து அடுத்ததைப் பெயர்க்கலாம். பழைய வீடுகளில் பிடிப்பு விட்டிருந்தால் முழு டைல்ஸாகக் கழன்று வரும். இங்கே கெட்டியான கலவை என்பதால் ஒவ்வொன்றும் சில்லு சில்லாகத்தான் வந்தது, கூடவே பூச்சும் பெயர்ந்து வந்தது. அதனால் பிரேக்கர் மெஷின் போட்டார்கள். மேடையை ஒட்டிய இடத்தில் கட்டிங் மெஷினால் கோடு போட்டார்கள். உடைகிற சில்லு கண்ணாடி மாதிரி. பெரியப்பாவின் முழங்கையில் இரண்டு இடத்தில் கீறல். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை. வாயில் துண்டு.

இதில் என்னால் மறக்க முடியாதது சமையலறைக் கதவு. தூசி ஹாலுக்குப் போகிறது என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தச் சொல்லி, அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைக்கச் சொன்னாராம். ஜன்னலையும் திறக்க முடியாது, பக்கத்துப் பிளாட்காரர் துணி காயப்போட்டிருக்கிறார். எக்ஸாஸ்ட் ஃபேனை முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார்கள். எட்டுக்குப் பத்து அறை, உள்ளே பிரேக்கர் ஓடுகிறது, தூசியில் பல்பு மங்கலாகத் தெரிகிறது. ஹாலில் இருக்கிற சோபாவுக்குக் கிடைத்த பாதுகாப்பு உள்ளே இருந்த இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது ஆள், சாக்கில் அள்ளித் தலையில் வைத்து மாடிப்படியில் இறக்கிய சித்தாள் அம்மா. லிஃப்டில் சாக்கு ஏற்றக்கூடாது. வெறும் கையோடு என்றாலும் லிஃப்டில் ஏறக்கூடாது. டாய்லெட்டுக்கு அவர் போனது தெருமுனையில் கட்டிக்கொண்டிருந்த வேறொரு கட்டடத்தின் பின்பக்கம். அந்த வீட்டில் இரண்டு டாய்லெட் இருக்கிறது, எனக்குத் தெரியும், பத்து மாதம் கழுவியவள் நான்.

அந்தத் தூசி சாதாரணத் தூசி அல்ல. மணலில், சிமெண்ட் கலவையில், டைல்ஸின் களிமண்ணில் எல்லாம் சிலிக்கா இருக்கிறது. மெஷின் போட்டு உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அது மிக நுண்ணிய துகளாகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போகும். போனது வெளியே வராது. சுற்றிலும் தழும்பு விழுந்து நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. அது இருப்பவர்களுக்குக் காசநோய் எளிதில் வரும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் காசநோய் என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. இரண்டு நாளில் வருகிற நோய் இல்லை இது. பெரியப்பா இருபத்தைந்து வருடமாக உடைக்கிறார். இதுவரை எந்த டாக்டரும் அவரிடம் "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டதில்லை. பீடி குடிப்பீர்களா என்றுதான் கேட்டார்கள். குடிப்பதில்லை.

கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கிற மாணவர்கள் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தைப் பற்றியும் படிக்க வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில், 1930, 31இல், மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பிவிடும் வேலை. பாறையில் சிலிக்கா மிகுதி. உள்ளே வேலை செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், பஞ்சத்தில் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். உலர்வாகவே துளைத்தார்கள். இறந்தவர்கள் 700 பேருக்கு மேல் என்று பின்னாளில் ஆய்வாளர் மார்ட்டின் செர்னியாக் மதிப்பிட்டார். பலரை ஒரு சோளக்காட்டில் பெயர் இல்லாமல் புதைத்தார்கள். தண்ணீர் தெளித்திருந்தால் போதும் என்பது அன்றே தெரிந்த விஷயம். இன்று ஒரு பிளாட்டின் சமையலறையிலும் அதே கதைதான். சுவரை நனைத்து நனைத்து உடைத்தால் தூசி பெருமளவு அடங்கும். தரையில் சேறாகும், கழுவ நேரமாகும், அவ்வளவுதான். மெஷின் ஓட்டுகிறவருக்கு முகத்தோடு ஒட்டி நிற்கிற என்-95 மாஸ்க் ஒன்று தர வேண்டும். துண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிக் குவித்த மாஸ்க்தானே அது.

இதையெல்லாம் கட்டாயமாக்கும் சட்டம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில், பழுது பார்ப்பதும் இடிப்பதும் கட்டட வேலையாகத்தான் இருந்தது. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் இருந்தது. ஒருவர் தன் சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் வேலை 10 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் அவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவே இல்லை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த வரம்பை 50 லட்சமாக்கிவிட்டார்கள். ஆக, இந்த நாட்டில் நடக்கிற சமையலறை, குளியலறை இடிப்பு வேலை அத்தனையும் வீட்டுக்காரரின் மனசாட்சியை நம்பி நடக்கிறது. மனசாட்சி எந்தப் பக்கம் ஈரத்துணி வைத்தது என்று பார்த்தோம். சிலிக்கோசிஸ் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. சமையலறை தொழிற்சாலை இல்லையே. ராஜஸ்தான் 2019இல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவித்தொகை தருகிறது. அங்கே கல் குவாரித் தொழிலாளர்களும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். நம் கோரிக்கைப் பட்டியலில் இது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? பட்டியலில் இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சங்கடமாக இருந்தாலும். 2022இல் என் அண்ணன் சொந்தமாக ஒரு பழைய பிளாட் வாங்கினான். எங்கள் குடும்பத்தில் நகரத்தில் வாங்கிய முதல் வீடு. பாத்ரூமின் பழைய வெள்ளை டைல்ஸை எடுத்துப் புதிதாகப் போட்டோம். நான்தான் கூட நின்று பார்த்துக்கொண்டேன். பழைய கக்கூஸ் பீங்கானைப் பெயர்த்து, அதன் கீழே இருக்கிற வளைவுக் குழாயைச் சுத்தம் செய்ய மேஸ்திரி தனியாக ஒரு ஆளைக் கூட்டி வந்தார். "இதுக்குன்னு ஆள் இருக்காங்கம்மா" என்றார். யார் அந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் தெரியும். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை வகுப்பெடுக்கிற நான், அன்று டீ வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். மாஸ்க் தரவில்லை. தண்ணீர் தெளிக்கச் சொல்லவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன், புது கட்டில் வந்து இறங்கியிருந்தது.

நம்மில் படித்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகை வீட்டில் நடக்கிற அவமானம் சுடுகிறது. அதைப் பற்றி எழுதுகிறோம், பேசுகிறோம், சரிதான். ஆனால் அதே சுவரின் மறுபக்கத்தில் தூசிக்குள் நிற்பவர் நம் பெரியப்பாவாக இருக்கும்போது அது நமக்கு வேறு பிரச்சினையாக, தொழிற்சங்கத்தின் பிரச்சினையாகத் தெரிகிறது. நான் என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன். உங்களில் யாருக்காவது பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியவே இல்லை என்பதும் இந்தப் பேச்சில்தான் தெரிந்தது. 1994இலிருந்து இருக்கிற வாரியம். 18 முதல் 60 வயது வரை பதியலாம். இன்னும் நான்கு வருடம் போயிருந்தால் அந்தக் கதவும் சாத்தியிருக்கும். ஒரு சமூகப் பணியாளரின் பெரியப்பா இவர். வேறு ஊர்களில் முகாம் போட்டு நூற்றுக்கணக்கானவர்களைப் பதிந்திருக்கிறேன். சொந்தக்காரரிடம் "கார்டு இருக்கா பெரிப்பா?" என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது பதிந்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் தெருவிலும் கேளுங்கள். குறிப்பாக உடைக்கிறவர்களையும் சாக்கு தூக்குகிற பெண்களையும் கேளுங்கள். கொத்தனார்கள் பலர் பதிந்திருக்கிறார்கள், இவர்கள் பலர் பதியவில்லை என்பது என் அனுபவம். ஆதார், வயதுச் சான்று, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை. அவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது கூடப் போங்கள். எத்தனை வருடம் கல், மணல், டைல்ஸ் தூசியில் வேலை செய்தார் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுத வையுங்கள். பின்னால் அந்த ஒரு வரி தேவைப்படும்.

வாடகை மனுவைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். காலி செய்த நாளின் வீடியோ இருக்கிறது, அறுபதாயிரம் வந்த வங்கிக் கணக்கு இருக்கிறது, டைல்ஸுக்காகப் பிடித்தேன் என்று வீட்டுக்காரரே அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. பணத்துக்கு இது போதும் என்கிறார் வக்கீல் தோழர். ஆனால் பணத்தோடு நிற்காமல் இதைத் தீண்டாமை என்று சொல்ல வேண்டுமானால், "அது உள்ளயே இருக்கும்ல" என்று வீட்டுக்காரர் சொன்னதைக் காதால் கேட்ட ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கேட்டது மூன்று பேர். மேஸ்திரி, சித்தாள் அம்மா, பெரியப்பா.

பெரியப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்றேன்னா மேஸ்திரி இனிமே கூப்புட மாட்டாரும்மா. அவுரு மட்டுமில்ல, அங்க நிக்கிற எந்த மேஸ்திரியும் கூப்புட மாட்டான். உனக்கு ஒரு வூடு போச்சு, வேற வூடு பாத்துக்கின. எனக்கு நிக்கறதுக்கு அந்த ஒரு எடம்தான்" என்றார். அதற்குப் பிறகு அவராகவே, "வேணும்னா சொல்றேன், நீ சொல்லு" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் சொல்லு என்று சொன்னால் அவர் சொல்லிவிடுவார்.

மறுபடி நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பணத்துக்கான மனுவை மட்டும் இந்த மாதம் கொடுக்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமை அவரைத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகிறேன். ஒரு நாள் கூலி போகிறதே என்கிறார்.